அரசன் கையில் துடைப்பம்

கோவிலுக்குச் சென்று இறைவனைத் தரிசிப்பது பக்தனின் கடமை. அவ்வாறு வர இயலாதவர்களைத் தேடி இறைவனே வீதிக்கு எழுந்தருள்வது அவனது கருணை. பாரத நாட்டின் தேர்த் திருவிழாக்கள் அனைத்தும் இந்தக் கருணையின் வெளிப்பாடுகளே. ஆயினும் பெரும்பாலான கோவில்களில் மூலவர் கருவறையிலேயே வீற்றிருப்பார். உற்சவமூர்த்தியே வீதியுலா வருவார். ஒடிசா மாநிலத்துப் பூரியில் அப்படி அல்ல. ஆண்டு முழுவதும் ரத்தினவேதியில் வீற்றிருக்கும் ஜகந்நாதரும், அவருடைய அண்ணன் பலபத்திரரும், தங்கை சுபத்திரையும் தாங்களே எழுந்து வெளியே வருகிறார்கள். வேதியில் அவர்களுடைய இடம் வெறுமையாகிறது. கடவுள் ஊருக்குள் இருக்கிறார், கருவறையில் இல்லை.

இந்தப் பயணத்துக்கான ஆயத்தம் அக்ஷய திருதியை அன்றே தொடங்கிவிடுகிறது. சென்ற ஆண்டின் தேரைப் பழுது பார்த்து ஓட்டும் வழக்கம் பூரியில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய மரம் வெட்டி வந்து, மூன்று தேர்களையும் அடியிலிருந்து புதிதாகவே செய்கிறார்கள். ஜகந்நாதரின் தேருக்கு நந்திகோஷம் என்று பெயர். 16 சக்கரங்கள் கொண்டது. ஏறத்தாழ 45 அடி உயரம். சிவப்பும் மஞ்சளுமான துணிகளால் போர்த்தப்பட்டது. பலபத்திரரின் தாலத்வஜம் 14 சக்கரங்களும், சுபத்திரையின் தர்ப்பதலனம் 12 சக்கரங்களும் கொண்டவை. சுதர்சனரும் சுபத்திரையின் தேரிலேயே எழுந்தருள்கிறார். தேர்களைச் செய்யும் தச்சர்கள் பரம்பரை பரம்பரையாக இத்திருப்பணியை ஆற்றி வருபவர்கள். இத்தனை உழைப்பும் எதற்காக? கோவிலிலிருந்து குண்டிச்சா கோவில் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம் சென்று, சில நாட்கள் தங்கி, மீண்டும் வந்து சேர்வதற்காக. அதன் பின் அத்தேர்களின் வேலை முடிந்துவிடுகிறது.

தேர் என்றதும் கட உபநிஷதத்தின் உவமை நினைவுக்கு வருவது இயல்பு. உடல் தேர், ஆன்மா அதில் அமர்ந்திருப்பவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்று எமதர்மன் நசிகேதனுக்கு உபதேசிக்கிறான். பூரித் தேரையும் இவ்வுவமையால் விளக்குவது பெரியோர் மரபு, அது பொருத்தமானதும்கூட. ஆனால் தேருக்கு முன் நிற்கும் எளிய பக்தனின் கண் முதலில் தேடுவது தத்துவத்தை அன்று. தன்னைப் பார்க்க வந்திருக்கும் அந்த வட்ட விழிகளையே அவன் தேடுகிறான்.

ஆஷாட மாத வளர்பிறைத் துவிதியையில் நடைபெறும் ரத யாத்திரைக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று மூர்த்திகள் கோவில் மதிலை ஒட்டிய ஸ்நான மண்டபத்துக்கு எழுந்தருள, 108 குடம் நீரால் அவர்களுக்குத் திருமஞ்சனம் நடைபெறுகிறது. நீராடிய இறைவனுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறதாம்! பதினைந்து நாட்கள் தரிசனம் கிடையாது. நோயுற்றவருக்குக் கொடுப்பது போலப் பழங்களும் மூலிகை மருந்தும் கொடுத்துக் கவனித்துக் கொள்கிறார்கள். அந்நாட்களில் அவருக்குப் பணிவிடை செய்யும் உரிமை பெற்றவர்கள் தைத்தாபதிகள் என்னும் சேவகர்கள். காட்டில் நீலமாதவனை ரகசியமாக வழிபட்டு வந்த சபர குலத் தலைவன் விசுவாவசுவின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் கருதப்படுகிறார்கள். உடல்நலம் குன்றியபோது உறவினர்தானே அருகில் இருப்பார்கள்! உலகுக்கெல்லாம் நாதனான ஜகந்நாதர் தம் உறவினராக ஏற்றுக்கொண்டிருப்பது ஒரு வேடுவனின் குலத்தை.

ரத யாத்திரை நாளில் மூர்த்திகளைத் தேருக்கு அழைத்து வருவதும் இவர்களே. பஹண்டி என்று அதற்குப் பெயர். மணியோசையும் காகளமும் மத்தளமும் முழங்க, தலையில் பெரிய மலர் முடி அசைந்தாட, ஒவ்வோர் அடியாக முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இறைவனை நடத்தி வருகிறார்கள். பல்லக்கில் அலுங்காமல் குலுங்காமல் பவனி வரும் மூர்த்திகளையே கண்டு பழகியவருக்கு இது சற்று அதிர்ச்சியாகக்கூட இருக்கும். மரியாதைக் குறைவு என்றும் தோன்றும். மரியாதையைக் கடந்த உறவு அது. வீட்டில் உள்ள முதியவரைத் தோளில் தாங்கி நடத்தி வருபவர்கள் சம்பிரதாயம் பார்ப்பதில்லை.

மூர்த்திகள் தேர்களில் அமர்ந்தாகிவிட்டது. வீதி கொள்ளாத மக்கள் வெள்ளம் வடத்தைப் பற்றக் காத்திருக்கிறது. ஆயினும் தேர் நகர்வதில்லை. அரண்மனையிலிருந்து ஒருவர் வர வேண்டும்.

வெண்ணிற ஆடை அணிந்து, பல்லக்கில் வருகிறார் கஜபதி மன்னர். அரசுரிமை சட்டப்படி மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும், அந்தக் குலத்தில் வந்தவருக்கு இந்தப் பணி மட்டும் நிலைத்திருக்கிறது. தேரின் மேல் ஏறி இறைவனை வணங்குகிறார். பொற்பிடியிட்ட துடைப்பத்தைக் கையில் வாங்குகிறார். இறைவன் அமர்ந்திருக்கும் தேர்த்தட்டைச் சுற்றிலும் பெருக்குகிறார். சந்தன நீர் தெளிக்கிறார், மலர் தூவுகிறார். மூன்று தேர்களிலும் இவ்வாறே செய்கிறார். இச்சடங்கை ஒடிசா மக்கள் சேரா பஹன்ரா என்கிறார்கள். அது முடிந்த பிறகே மரக் குதிரைகள் பூட்டப்பட்டு, வடம் இழுக்கப்படுகிறது. திரும்பி வரும் நாளிலும் இதே பணி மறுபடியும் நடைபெறுகிறது.

இப்போதுள்ள பெரிய கோவிலை 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கியவன் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். சோழ இளவரசியின் மைந்தன் அவன்; பெயரிலேயே அந்த உறவு தெரிகிறது. அவனுக்குப் பின் 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அனங்கபீமன், நாடு முழுவதும் புருஷோத்தமனாகிய ஜகந்நாதருக்கே உரியது என்றும், தான் அவருடைய பிரதிநிதியாக இருந்து பணி செய்பவன் மட்டுமே என்றும் அறிவித்தான். அவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலிலும் உள்ளது. அரியணையே எஜமானுடையது என்றால், எஜமானின் தேரைத் துடைப்பது ஊழியனின் வேலைதானே! அந்த வகையில் சேரா பஹன்ரா ஓர் அரசியல் கொள்கையின் காட்சி வடிவமும் ஆகும்.

ஆனால் ஆன்மிக வாழ்வில் கேள்வி அங்கே முடிவதில்லை. ஆண்டில் சில நாட்கள், அதுவும் பொற்பிடி போட்ட துடைப்பத்தை, லட்சக்கணக்கானோர் வாழ்த்தொலி எழுப்பக் கையில் பிடிப்பது அவ்வளவு கடினமா? கையில் ஏறிய துடைப்பம் மனத்துக்குள்ளும் சென்றதா? இந்தக் கேள்வியைப் பூரியின் பாரம்பரியமே கேட்டிருக்கிறது.

காஞ்சி இளவரசியின் கதை

15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒடிசாவை ஆண்ட கஜபதி புருஷோத்தம தேவனைப் பற்றி அந்நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது. காஞ்சி மன்னனின் மகள் பத்மாவதியை அவனுக்கு மணம் முடிப்பதாகப் பேச்சு நடந்தது. அந்நேரத்தில் புருஷோத்தம தேவன் ரத யாத்திரையில் தேரைப் பெருக்கும் செய்தி காஞ்சிக்கு எட்டியது. ‘துடைப்பம் பிடிக்கும் ஒருவனுக்கா என் மகள்?’ என்று காஞ்சி மன்னன் மறுத்துவிட்டான்.

அவமானம் புருஷோத்தமனைச் சுட்டது. காஞ்சியின் மீது படையெடுத்தான், தோற்றுத் திரும்பினான். ஜகந்நாதரின் சன்னிதியில் விழுந்து அழுதான். மறுபடியும் புறப்பட்டான். இம்முறை அவனுக்கு முன்பாகவே வெள்ளைக் குதிரையிலும் கருங்குதிரையிலும் இரு வீரர்கள் சென்றார்களாம். வழியில் தயிர் விற்ற மாணிகா என்னும் ஆய்ச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, பின்னால் அரசன் வருகிறான், அவனிடம் விலையைப் பெற்றுக்கொள் என்று சொல்லி ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மோதிரத்தைக் கண்ட அரசன் கண் கலங்கினான். அது ஜகந்நாதரின் மோதிரம். கடனுக்குத் தயிர் குடித்த கடவுளின் இந்தக் காட்சியை ஒடிசாவின் ஓவியர்கள் இன்றளவும் தீட்டி வருகிறார்கள்.

காஞ்சி வீழ்ந்தது. சிறைப்பட்டு வந்தாள் பத்மாவதி. புருஷோத்தமன் தன் அமைச்சரை அழைத்தான். ‘இவளை ஒரு துப்புரவுப் பணியாளனுக்கு மணம் முடித்து வைக்க வேண்டும்’ என்று ஆணையிட்டான்.

இக்கதையை வெற்றியின் கதையாகச் சொல்வதே வழக்கம். அதன் உண்மையான நெருக்கடி போர்க்களத்தில் இல்லை, இந்த ஆணையில்தான் இருக்கிறது. ஜகந்நாதரின் முன் தன்னைத் துப்புரவுப் பணியாளனாக அறிவித்துக் கொண்டவன் புருஷோத்தமன். அதே பெயரால் வேறொருவன் அழைத்ததும் அவனால் தாங்க முடியவில்லை. அது மட்டுமா? அந்தப் பெயரையே ஒரு பெண்ணுக்குத் தண்டனையாக விதிக்கிறான். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை. துடைப்பத்தை இகழ்ந்த காஞ்சி மன்னனுக்கும், அதைக் கையில் ஏந்திய கலிங்க மன்னனுக்கும் இவ்விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை! பெருக்குபவன் தாழ்ந்தவன் என்பதை இருவருமே நம்பினார்கள். பத்து முறை தேரைப் பெருக்கியும் அந்த ஒரு தூசி போகவில்லை.

அமைச்சர் அறிவாளி. அரச ஆணையை மறுக்கவும் இல்லை, உடனே நிறைவேற்றவும் இல்லை. பத்மாவதியைத் தம் வீட்டில் மகளைப் போல் வைத்துப் பாதுகாத்தார். ரத யாத்திரை வந்தது. மன்னன் தேரேறிப் பெருக்கத் தொடங்கினான. அந்த நேரத்தில் அமைச்சர் பத்மாவதியை மாலையுடன் அழைத்து வந்து அவன் முன் நிறுத்தினார். ‘அரசே, தாங்கள் கேட்ட துப்புரவுப் பணியாளரைக் கண்டுபிடித்துவிட்டேன். இவரை விடத் தகுதியானவர் எனக்குக் கிடைக்கவில்லை’ என்றார்.

மன்னன் தலை குனிந்தான், பத்மாவதியை ஏற்றுக்கொண்டான். சரித்திர ஆசிரியர்கள் இக்கதையின் விவரங்களை எவ்வாறு எடை போட்டாலும், அதைப் போற்றி வந்த மக்களின் உள்ளம் தெளிவாகவே தெரிகிறது. மன்னனின் துடைப்பத்தை அவர்கள் வெறும் சடங்காக விட்டு வைக்கவில்லை. நீ சொல்வது உண்மைதானா என்று அவனையே கேட்டார்கள்.

சைதன்யரின் குவியல்

புருஷோத்தம தேவனின் மகன் பிரதாபருத்திரன். அவன் காலத்தில் ஒரு பெரும் பேறு பூரிக்கு வாய்த்தது. 1510-ஆம் ஆண்டில் இளம் துறவியான ஸ்ரீ சைதன்யர் அங்கு வந்து சேர்ந்தார். இடையில் தென்னாட்டுக்கும் பிருந்தாவனத்துக்கும் சென்று வந்தது தவிர, 1533 வரை, தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் ஜகந்நாதரின் நிழலிலேயே கழித்தார். அவரைத் தரிசிக்க மன்னன் துடித்தான். சைதன்யரோ இணங்கவில்லை, உலகியலில் தோய்ந்த அரசனைச் சந்திப்பது துறவிக்கு ஆகாது என்று உறுதியாக இருந்தார். மன்னனின் சார்பில் பக்தர்கள் பலமுறை மன்றாடியும் பயனில்லை. கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய ‘சைதன்ய சரிதாமிருதம்’ இதை விரிவாகக் கூறுகிறது.

அந்நூல் வர்ணிக்கும் ஒரு காட்சி சேரா பஹன்ராவுக்கு உரை எழுதியது போல் உள்ளது. ரத யாத்திரைக்கு முந்தைய நாள். ஜகந்நாதர் சென்று தங்கப் போகும் குண்டிச்சா கோவிலைச் சுத்தம் செய்யும் பணியைச் சைதன்யர் கேட்டுப் பெற்றார். நூற்றுக்கணக்கான துடைப்பங்களும் குடங்களும் வந்தன. பக்தர்களுடன் தாமும் குனிந்து பெருக்கினார். ஒவ்வொருவரும் தாம் சேர்த்த குப்பையைத் தனித்தனியே குவிக்க வேண்டும், யாருடைய குவியல் பெரியது என்று பார்க்கலாம் என்றார். கடைசியில் எல்லாருடைய குவியலையும் விடச் சைதன்யருடைய குவியலே பெரிதாக இருந்தது! அதோடும் அவர் விடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குப்பை போய்விட்டது, நுண்ணிய தூசி இன்னும் இருக்கிறது என்று மறுபடியும் பெருக்கச் செய்தார். பின்னர் குடம் குடமாக நீர் ஊற்றிக் கழுவினார்கள். இறைவன் அமரும் பீடத்தைத் தம் ஆடையாலேயே துடைத்தார் சைதன்யர்.

அப்போது வங்காளத்திலிருந்து வந்திருந்த பக்தர் ஒருவர் ஆர்வ மிகுதியால் சைதன்யரின் பாதத்தில் நீரை ஊற்றி, அதை ஏந்திப் பருகிவிட்டார். சைதன்யரின் முகம் மாறியது. இறைவனின் இல்லத்தில் தம் பாதத்தைக் கழுவுவதா என்று வருந்தி, அவரை வெளியே அனுப்பச் சொன்னார். பிறகு பக்தர்கள் வேண்டிக்கொள்ள மன்னித்தார். குப்பையை அள்ளியபோது மகிழ்ந்தவர், வழிபாட்டைப் பெற்றபோது வருந்தினார். துடைப்பம் உள்ளத்துக்குள் சென்றவரின் அடையாளம் இதுவே போலும்.

மறுநாள் தேரோட்டம். பிரதாபருத்திரன் அரச விருதுகளுடன் இருந்தும், தன் கையாலேயே தேருக்கு முன்பாக வழியைப் பெருக்கிச் சந்தன நீர் தெளித்தான். தொலைவிலிருந்து அதைக் கண்டார் சைதன்யர். அதுவரை அசையாதிருந்த அவரது உள்ளம் நெகிழ்ந்தது என்கிறார் கவிராஜர்.

அன்றே மற்றொரு சிறு நிகழ்ச்சியும் நடந்தது. சைதன்யர் தேருக்கு முன் ஆனந்தத்தில் மூழ்கி நடனமாடிக் கொண்டிருந்தார். ஹரிசந்தனர் என்ற அதிகாரியின் தோளில் கை வைத்தபடி அரசன் அதைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஸ்ரீவாசர் என்ற பக்தர் தம்மை மறந்து அரசனுக்கு முன்னால் மறைத்து நின்றார். ஹரிசந்தனர் அவரைத் தொட்டு, சற்று விலகும்படி தள்ளினார். ஒரு முறை, இரு முறை, பல முறை. பொறுமையிழந்த ஸ்ரீவாசர் திரும்பி ஓர் அறை விட்டார்! அரச அதிகாரியை, அரசனின் கண்ணெதிரில். சினந்து எழுந்த ஹரிசந்தனரைத் தடுத்தவன் அரசனே. அத்தகைய அடியாரின் கை உன்மேல் பட்டதே, எனக்கு அந்தப் பாக்கியம் இல்லையே என்றான்.

தந்தையின் கதையையும் மகனின் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு சொல்லுக்காகத் தந்தை படை திரட்டினான். மகனோ தன் அதிகாரியின்மேல் விழுந்த அடியைப் பிரசாதமாகக் கண்டு பொறாமைப்பட்டான். அன்று தேர் இடைவழியில் நின்ற வேளையில், தோட்டத்தில் களைத்துக் கிடந்த சைதன்யரிடம் அரச உடைகளைக் களைந்து எளிய வைணவனின் கோலத்தில் சென்று அவர் பாதங்களைப் பிடித்துவிட்டான் பிரதாபருத்திரன். கோபியரின் கீதத்தை அவன் ஓதக் கேட்டு, வந்தவன் யார் என்றும் கேளாமல் அணைத்துக் கொண்டார் சைதன்யர்.

பிற்காலத்தில் அன்னை ஸ்ரீ சாரதாதேவியும் இதே வீதியில் நடந்திருக்கிறார். 1888-ஆம் ஆண்டில் பூரிக்கு வந்த அவரைப் பல்லக்கில் கோவிலுக்கு அழைத்துச் செல்ல ஒரு பண்டா முன்வந்தார். அன்னை மறுத்துவிட்டார். நீங்கள் முன்னே நடங்கள், எளியவளாக நான் பின்னால் நடந்து வந்து ஜகந்நாதரைத் தரிசிக்கிறேன் என்பதே அவர் கருத்து. ஸ்ரீ ராமகிருஷ்ணர் பூரிக்குச் சென்றதில்லை. ஆகவே அவருடைய திருவுருவப் படத்தைத் தம் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் சென்று ஜகந்நாதருக்குக் காட்டினார் அன்னை.

வெளியே நின்றவர்கள்

இறைவன் வெளியே வருகிறான் என்று மகிழும்போது, வெளியே யார் நின்றார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அதைப் பேசாமல் ரத யாத்திரையைப் பற்றிப் பேசுவது பாதியைப் பேசுவதாகும்.

சைதன்யரின் நெருங்கிய அடியாரான ஹரிதாசர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இடைவிடாத நாமஜபமே வாழ்வாகக் கொண்டவர். அவர் ஜகந்நாதர் கோவிலின் பக்கமே செல்லவில்லை. இன்று சித்தபகுளம் என்று வழங்கும் இடத்தில், தொலைவில் தெரிந்த கோபுரச் சக்கரத்தை வணங்கியபடி வாழ்ந்தார். சைதன்யர் நாள்தோறும் அவர் இருக்கும் இடத்துக்கே சென்று அவரைக் கண்டார். அந்தணராகப் பிறந்தும், சுல்தானின் அரசவையில் பணியாற்றியதால் தம்மைத் தாழ்ந்தவராக எண்ணிய சனாதனர், கோவில் சேவகர்களைத் தீண்டிவிடக் கூடாதே என்று சிங்கவாசல் வழியைத் தவிர்த்து, உச்சி வெயிலில் கடற்கரை மணலில் நடந்து வந்தார். பாதங்கள் கொப்பளித்துப் போயிருந்தன. சைதன்யர் அவரைத் தழுவிக் கொண்டார்.

ஹரிதாசரின் பணிவு உயர்ந்தது. சனாதனரின் பணிவு கண்ணீர் வரவழைப்பது. ஆனால் வெளியே நின்றவரின் பணிவைக் காட்டி, வெளியே நிறுத்தியவர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ள இயலாது. பணிவு தானாக ஏற்பது. பிறர்மேல் சுமத்துவதற்கு வேறு பெயர். துடைப்பத்தின் கதையும் அதைத்தானே சொல்கிறது!

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாலபேகர் முகலாய அதிகாரி ஒருவருக்கும் ஹிந்துத் தாய்க்கும் பிறந்தவர். போரில் காயமுற்று மரணத்தின் வாயிலில் கிடந்தபோது, தாயின் சொற்படி இறைவனைத் துதித்து உயிர் பிழைத்தார். அன்று முதல் ஜகந்நாதரின் அடியாரானார். அவர் ஒடியா மொழியில் பாடிய பக்திப் பாடல்களை இன்றும் மக்கள் பாடுகிறார்கள். ஆனால் கோவிலுக்குள் செல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஆண்டில் ஒருமுறை, தேரில் வரும் நாளில்தான் அவர் தம் ஆண்டவனைக் காண முடியும். பிருந்தாவனத்திலிருந்து திரும்பும் வழியில் ஒருமுறை நோயுற்று, உரிய நாளில் வந்து சேர முடியாமல் போயிற்று. ‘நான் வரும்வரை காத்திரு’ என்று வழியிலேயே இறைஞ்சினார். பூரியில் தேர் நின்றுவிட்டது. எத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. சாலபேகர் வந்து தரிசித்த பிறகே நகர்ந்தது என்பது அங்கு வழங்கும் வரலாறு. அவரது சமாதி அந்தப் பெரிய வீதியிலேயே உள்ளது. நந்திகோஷம் இன்றும் அங்கே சற்று நின்றே செல்கிறது.

கோவிலின் சிங்கவாசலில் பதிதபாவனர் என்ற திருநாமத்துடன் ஜகந்நாதரின் ஒரு திருவுருவம் வீதியை நோக்கி அமைந்திருக்கிறது. உள்ளே வர முடியாதவர்கள் வாசலில் நின்றே தரிசிப்பதற்காக. 1934-இல் தீண்டாமைக்கு எதிராகப் பாதயாத்திரை மேற்கொண்ட காந்தியடிகள், மே 9 அன்று பூரியிலிருந்துதான் அதைத் தொடங்கினார். ஹரிஜனங்களுக்குத் திறக்காத கதவு தமக்கும் வேண்டாம் என்பது அவர் உறுதி. 1938-இல் அவர் பூரிக்கு அருகில் டேலாங்கில் தங்கியிருந்தபோது கஸ்தூரிபா கோவிலுக்குள் சென்று வந்ததை அறிந்து, அவர் உடல் நலமே பாதிக்கும் அளவுக்கு வேதனைப்பட்டார். விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது, கதவும் திறந்தது. ஹிந்துக்கள் அல்லாதார் உள்ளே செல்ல இன்றும் அனுமதி இல்லை. வீதியில் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை. வடத்தில் பட்ட கை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

இந்தக் கருணைத் தேரின் பெயர் ஆங்கில மொழியில் ‘ஜகர்நாட்’ என்று புகுந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் முரட்டு சக்தியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது விந்தையே. சாலபேகருக்காக நின்ற தேரை அச்சொல்லை ஆக்கியவர்கள் அறிந்திருக்கவில்லை.

ஆனாலும் அச்சொல்லின் நிழல் முற்றிலும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று குண்டிச்சா கோவிலின் அருகே நெரிசலில் மூவர் உயிரிழந்தனர். ஏற்பாடுகளின் குறைகளை ஆராய வேண்டியவர்கள் ஆராயட்டும். இறைவனை முதலில் தான் பார்க்க வேண்டும் என்று முண்டியடிக்கும் ஒவ்வொரு தோளும் ஹரிசந்தனரின் கையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்காகத் தேரே காத்து நின்ற வீதி அது.

2020-ஆம் ஆண்டில் வேறொரு காட்சியைப் பூரி கண்டது. தொற்றுநோயின் காரணமாக ரத யாத்திரையை உச்ச நீதிமன்றம் முதலில் நிறுத்தி வைத்தது. பின்னர் பக்தர்கள் கூட்டமின்றி நடத்த அனுமதித்தது. ஜூன் 23 அன்று ஊரடங்கில் வீதி வெறிச்சோடிக் கிடக்க, சேவகர்கள் மட்டுமே தேர்களை இழுத்தார்கள். வாழ்த்தொலி எழுப்ப மக்கள் இல்லை. மன்னர் வந்தார், தேரேறினார், எப்போதும் போலவே பெருக்கினார்.

மூடிய கதவு

குண்டிச்சா கோவிலுக்குச் சென்ற இறைவன் மகாலட்சுமியை உடன் அழைத்துச் செல்வதில்லை. அண்ணனும் தங்கையும் உடன் வர, அவர் மட்டும் கோவிலில் விடப்படுகிறார். பஞ்சமி நாளில் தேவி பல்லக்கேறிக் குண்டிச்சா கோவில் வரை சென்று, சினத்தில் நந்திகோஷத்தின் ஒரு சிறு பகுதியை உடைத்துவிட்டுத் திரும்புகிறார். இந்த ஊடலை மக்கள் மிக ரசித்துக் கொண்டாடுகிறார்கள்.

தசமியன்று தேர்கள் திரும்புகின்றன. வழியில் மௌசிமா கோவிலில், சின்னம்மாவின் கையால் சுட்ட போடா பிட்டாவை உண்டுவிட்டு வருகிறார் இறைவன். ஏகாதசியன்று சிங்கவாசலின் முன், தேரில் இருந்தபடியே மூர்த்திகள் பொன்னாபரணங்கள் பூண்டு காட்சி தருகிறார்கள். எல்லாம் முடிந்து கோவிலுக்குள் திரும்பும் நாள் திரயோதசி.

பலபத்திரர் உள்ளே செல்கிறார். சுபத்திரை செல்கிறார். ஜகந்நாதர் வாசலை நெருங்கும்போது கதவு சாத்தப்படுகிறது. தேவியின் ஆணை. உள்ளே தேவியின் சார்பில் சேவகர்கள். வெளியே இறைவனின் சார்பில் தைத்தாபதிகள். ஏன் என்னை விட்டுச் சென்றீர்கள் என்று உள்ளிருந்து கேள்வி வருகிறது. வெளியிலிருந்து சமாதானம் போகிறது. வாக்குவாதம் நீள்கிறது. சேவை செய்தவர்களின் தோள்களில் தாங்கப்பட்டு, தலையில் மலர் முடியுடன், தம்முடைய வீட்டு வாசலில், திறக்காத கதவுக்கு முன்னால் நிற்கிறார் உலகநாதர். ஹரிதாசரும் சாலபேகரும் நின்ற பக்கத்தில்.

பின்னர் ரசகுல்லா நிவேதிக்கப்படுகிறது. தேவியின் சினம் தணிந்து, கதவு திறக்கிறது.